ரஷ் இல்லாத மலை

வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் வீட்டுக்காரரே, "இன்னும் நாலு வீடு பாத்துட்டு வாம்மா" என்று சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பி, என்னைப் பின்னால் உட்கார வைத்து, திருப்பதி பைராகிப்பட்டடா முழுக்க எங்கெல்லாம் டு-லெட் பலகை தொங்கியதோ அங்கெல்லாம் இறக்கிக் காட்டினார். ஒரு வீட்டில் அவரை என் அப்பா என்றே நினைத்துக்கொண்டு அட்வான்ஸ் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவரும் பொறுப்பாக உட்கார்ந்து பேரம் பேசினார்.

நான் அவருடைய மாடி வீட்டைப் பார்த்த உடனேயே முடிவு செய்துவிட்டிருந்தேன். குழாயில் தண்ணீர் வந்தது, சமையலறையில் வெளிச்சம் இருந்தது, ஸ்ரீசிட்டிக்குப் போகிற எங்கள் கம்பெனி பஸ் தெருமுனையில் நின்றது. இதற்கு மேல் ஒரு வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது? புடவைக் கடையில் முதலில் விரிக்கிற புடவையை மடிக்கச் சொல்லிவிட்டு பில் போடப் போகிறவள் நான். அரக்கோணத்தில் எங்கள் வீட்டில் எல்லோருமே அப்படித்தான்.

"உங்க வீடே எடுத்துக்கறேன் சார்" என்று நான் சொன்னபோது அவர் முகம் மலரவில்லை. காது மடலைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்.

"அந்த முக்கு வீடு காத்தோட்டமா இருந்துதேம்மா. அவசரப்பட்டு எடுத்துட்டு அப்புறம் கஷ்டப்படாத" என்றார்.

நான் அந்த மாடியில் இருந்த வருடங்கள் முழுவதும், மழைக்காலத்தில் ஒரு தடவை, வெயில் காலத்தில் ஒரு தடவை என்று, "அந்த முக்கு வீடு உனக்கு சரியா இருந்திருக்குமோ" என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். கஷ்டப்பட்டது நான் இல்லை, அவர்தான்.

சித்தூரில் பிறந்தவர். கரண்ட் ஆபீஸில் வேலை பார்த்து ரிடையர் ஆகித் திருப்பதியிலேயே தங்கிவிட்டார். வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் தெலுங்கு. அவரை நான் சார் என்றும் அவர் மனைவியை அம்மா என்றும் கூப்பிட்டேன். அந்த அம்மாவைப் போல ஒரு பொறுமைசாலியை நான் இன்னும் பார்க்கவில்லை. ஹோட்டலுக்குப் போனால் அவர் இட்லி சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்து உட்காரும்போது, சார் மெனு கார்டின் பின்பக்கத்துக்கு வந்திருப்பார். சர்வர் ரெண்டு தடவை வந்து திரும்பிப் போயிருப்பான். "ஒண்ணே ஒண்ணு பாத்துக்கறேன்" என்று சார் விரலை உயர்த்துவார்.

கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். பயமும் இல்லை. தான் எடுத்துக் கொடுத்தது சரியில்லாமல் போய், யாராவது ஒருத்தர் முகம் வாடிவிடுமோ என்கிற கவலைதான் அவருக்கு. அந்தக் கவலையை அவர் தலையில் ஏற்றிவிட்டதில் திருப்பதிக்கும் பங்கு உண்டு. சித்தூர், பாகாலா, வேலூர், திருத்தணி என்று சொந்தக்காரர்கள் இறைந்து கிடந்தார்கள். அத்தனை பேரும் மலைக்கு வருவதற்கு முன்னால் சாருக்குத்தான் போன் செய்வார்கள்.

"மாமா, எப்போ வந்தா ரஷ் கம்மியா இருக்கும்?"

சார் சும்மா பதில் சொல்லிவிட மாட்டார். பள்ளிக்கூட லீவு, முகூர்த்த நாள், சேர்ந்தாற்போல வரும் விடுமுறை, புரட்டாசி சனி, எல்லாவற்றையும் கழித்துப் பார்த்து, மறுநாள் கூப்பிட்டு, "செவ்வாக்கெழம வாங்க" என்பார். அவர்களும் அந்தச் செவ்வாய்க்கிழமையே வருவார்கள். ஊரில் இருக்கிற மற்ற மாமாக்களும் அதே கணக்கைப் போட்டிருப்பார்களோ என்னவோ, மலையில் கால் வைக்க இடம் இருக்காது. ராத்திரியெல்லாம் க்யூவில் உட்கார்ந்துவிட்டு, மொட்டைத் தலையும் வீங்கின காலுமாக அவர்கள் வந்து இறங்கும்போது, சார் மோர்ச் சொம்போடு வாசலில் நிற்பார். கூட்டத்தைக் கூட்டியது அவரே என்பது போல ஒரு நிற்பு. "புதன்கெழம சொல்லி இருக்கணும்" என்று அன்று முழுவதும் முனகுவார். அவர்களோ தரிசனம் ஆன சந்தோஷத்தில் லட்டைப் பிட்டுக்கொண்டிருப்பார்கள். ரஷ் என்கிற சொல்லை அவர் சொல்லும்போது மட்டும் குரல் தாழும்.

ஒரு மாம்பழ சீசனில் அவர்கள் காரில் நானும் பங்காருபாளையம் போனேன். பங்கனபள்ளி வாங்குவதாக ஏற்பாடு. முதல் மண்டியிலேயே பழம் தேனாக இருந்தது. அம்மா ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடித் திறந்தார். எனக்கு அந்த முகமே போதுமாக இருந்தது. சார், "நல்லாத்தான் இருக்குது. எதுக்கும் இன்னொண்ணு பாத்துடலாம்" என்றார். அந்த இன்னொன்று ரோட்டின் ரெண்டு பக்கமும் வளர்ந்துகொண்டே போனது. ஒவ்வொரு மண்டியிலும் ஒரு கீற்று சாப்பிட்டு எனக்கு வயிறே நிறைந்துவிட்டது. கடைசியில் முதல் மண்டிதான் என்று தீர்மானமாகித் திரும்பி வந்தால், அந்தப் பழமெல்லாம் லாரியில் ஏறி மதனபள்ளிப் பக்கம் போய்விட்டிருந்தது. ஜூஸ் ஃபாக்டரிக்காகக் குவித்து வைத்திருந்த தோத்தாபுரியில் ஒரு கூடை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம்.

"பச்சடி போட்டுக்கலாம்" என்றார் அம்மா. அவ்வளவுதான். வேறு யாராவது இருந்திருந்தால் சித்தூர் வரும் வரைக்கும் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார்கள். அந்தப் பச்சடியை சார் வாரக்கணக்கில் சாப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் அம்மாவின் முகத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

நாகலாபுரம் போனதும் அந்த வருடம்தான் என்று நினைக்கிறேன், அல்லது அதற்கு முந்தின வருடம். அங்கே வேதநாராயண சுவாமி கோயிலில் வருஷத்தில் மூன்று நாள், சாயங்கால வெயில் கோபுர வாசல் வழியாக நேரே உள்ளே நுழைந்து சுவாமியின் மேல் விழும். முதல் நாள் பாதத்தில், மறுநாள் இடுப்பில், மூன்றாம் நாள் முகத்தில். அம்மாவுக்குப் பல வருடமாகப் பார்க்க ஆசை. எந்த நாள் போவது என்று சார் யோசித்தார். முகம் தெரிகிற நாளில் போனால்தானே முழுசாகப் பார்த்த மாதிரி என்று மூன்றாம் நாளைத் தேர்ந்தெடுத்தார். முதல் ரெண்டு நாளும் வெயில் கொளுத்தியது. மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் மேகம் வந்து மூடிக்கொண்டது. கூட்டத்தில் நசுங்கி, இருட்டும் வரை நின்றுவிட்டுக் காரில் ஏறினோம்.

"பாதத்தப் பாத்து இருந்தா கூட எனக்குப் போதும்" என்றார் அம்மா. ஜன்னலைப் பார்த்துத்தான் சொன்னார். சாரின் காதில் விழுந்தது.

அவர்களுக்கு ஒரே பெண். ஜெர்மனியில் வேலை. ஒரு சங்கராந்திக்குப் போன் செய்து, ஆகஸ்ட் கடைசியில் ரெண்டு பேரும் கிளம்பி வரவேண்டும், ஸ்விட்சர்லாந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். வருடக் கடைசியில் அவளுடைய அங்கத்திய வேலை முடிந்து பெங்களூருக்கே வந்துவிடுவாள். அம்மாவுக்கும் ரெண்டு முட்டியையும் ஆபரேஷன் செய்தாக வேண்டும், அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. ஆகவே போனால் அந்த முறைதான். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

லூசர்ன் என்கிற ஊரில் ரெண்டு நாள் தங்கல். ஒரு நாள் மலை, ஒரு நாள் ஏரியும் கடைத்தெருவும். அந்த ஊரைச் சுற்றி ரயிலிலும் ரோப் காரிலும் ஏறிப் பார்க்கிற மலைகள் நிறைய. "எந்த மலைன்னு நைனாவே பாத்துச் சொல்லட்டும்" என்றாள் பெண். பெற்ற அப்பாவைத் தெரிந்துகொண்டே அவள் எப்படி அந்தப் பேச்சைப் பேசினாள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அன்று முதல் அந்த வீட்டு டி.வி.யில் சீரியல் ஓடவில்லை, மலைதான் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் எனக்கும் கீழே இருந்து குரல் வரும். காபியைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்.

"மேல போனா மெட்டு ஏறணுமாம்மா?" என்பதுதான் எந்த மலையைப் பற்றியும் அவருடைய முதல் கேள்வி. திருப்பதிக்காரருக்கு மலை என்றால் படி. லிஃப்ட் இருக்கிறது என்று போட்டிருந்தாலும் நம்ப மாட்டார். லிஃப்டில் இருந்து இறங்கினால் எத்தனை படி என்பார். ரெண்டாவது கேள்வி, ரஷ். யுங்ஃப்ராவ் ரொம்ப உயரம், அம்மாவுக்கு மூச்சு வாங்கும். பிலாட்டஸ் ரயில் செங்குத்தாக ஏறுகிறது, பயந்துகொள்வாள். டிட்லிஸில் வருஷம் முழுக்கப் பனி இருக்கிறது, "ஆனா இந்தியாக்காரன் அத்தினி பேரும் அங்கதாம்மா போறான்." ரிகி அவ்வளவு உயரம் இல்லை, சுற்றிலும் ஏரி, மெல்லப் போகிற ரயில். அது பரவாயில்லை என்று தோன்றும். உடனே, "இன்னொண்ணு பாத்துடலாம்."

"அம்மாவ கேட்டீங்களா சார்?" என்றேன் ஒருநாள்.

"அவளுக்கு எதுன்னாலும் ஓகேம்மா. அதனாலதான் நான் நல்லதா பாக்க வேண்டி இருக்குது" என்றார்.

அம்மா அந்த நேரத்தில் மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, ஊறவைத்த மொச்சைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கை பிதுக்கினேன்.

"எனக்கு மலையெல்லாம் இன்னாத்துக்கு கண்ணு" என்றார், குரலைத் தாழ்த்தி. "பொறந்ததுல இருந்து மலையத்தான் பாத்துக்கினு இருக்கேன். பனிய ஒரு வாட்டி கையில எடுத்துப் பாக்கணும். ஃப்ரிட்ஜுல இருக்கறது இல்ல. வானத்துல இருந்து வுழுந்தது."

"அத சார்கிட்ட சொல்லுங்களேம்மா."

"சொன்னா அவ்ளோதான். எந்த மலையில பனி நல்லா இருக்குது, எந்த மாசத்துல மெத்துன்னு இருக்குதுன்னு ஒக்காந்துடுவாரு. அதுக்குள்ள என் முட்டி ஆபரேஷனே ஆயிடும். நீயும் சொல்லிடாத."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஒரு மனுஷர் ராப்பகலாக ஒருத்திக்காகவே தேடுகிறார். அந்த ஒருத்தி பத்தடி தள்ளி உட்கார்ந்து, தனக்கு வேண்டியதை மொச்சைக்கொட்டையிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ரிகியில் ஆகஸ்ட் மாதம் புல்லும் மாடும்தான், பனி கிடையாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "டிட்லிஸ்ல பனி இருக்குதாமே சார், நல்லா இருக்குமே" என்று போட்டுப் பார்த்தேன்.

"இருக்குதும்மா, ரஷ்ஷும் இருக்குது" என்றார்.

ஜூலையில் ஒரு நாள், அவரே மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கையில் போன். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த மலைகளின் உச்சியில் கேமரா வைத்திருக்கிறார்கள், இருந்த இடத்தில் இருந்தே நேரலையாகப் பார்க்கலாம் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். காலை டிபனை முடித்துக்கொண்டு பத்து மணிக்குத் தினமும் பார்த்து வந்திருக்கிறார்.

"இங்க பாரும்மா, ரிகி. பளிச்சுனு வெயில். பத்து மணிக்கு ஒரு ஜனம் இல்ல. நேத்தும் இல்ல, முந்தா நாளும் இல்ல. எவனுக்கும் தெரியல போல."

போனில் வெறும் மேடையும் காலி பெஞ்சுகளும் தெரிந்தன. அவர் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டு நானும் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். ரிகி முடிவாயிற்று. கீழே போய் அம்மாவிடம் சொன்னார். "சரிங்க" என்று அம்மாவின் குரல் கேட்டது.

அவர்கள் போய்விட்டு வந்த பிறகு, சார் கடைக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், சமையலறையில் உட்கார்ந்து அம்மா எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். சிலதைப் பெண் போனில் சொன்னாள்.

லூசர்ன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் டிக்கெட் வாங்குகிற கூடம். ரிகி கவுன்ட்டர் முன்னால் நின்ற க்யூ வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்திருந்தது. சார் அப்படியே நின்றுவிட்டாராம்.

"இன்னாம்மா இது. பத்து மணிக்கு ஒரு ஜனம் இருக்காதே இங்க."

"நைனா, உங்க பத்து மணி இங்க விடியகாலம்" என்று பெண் சிரித்திருக்கிறாள். "மொத ரயிலே கெளம்பி இருக்காது. யாரு இருப்பாங்க மேல?"

அவளுக்குச் சிரிப்பு. எனக்கு அதைக் கேட்டபோது சிரிக்கத் தோன்றவில்லை. எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் மலையில் ஜனம் இருக்கிற ஊர் திருப்பதி. நடுராத்திரியிலும் ஒரு கூட்டம் ஏறும், ஒரு கூட்டம் இறங்கும். ரயில் போகாத நேரத்தில் ஒரு மலை சும்மா தன்பாட்டுக்குக் கிடக்கும் என்பது அவருக்கு எப்படித் தோன்றும்? மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்த தேர்வு, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. அவர் காது மடலைத் தடவிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நின்றாராம்.

கவுன்ட்டர்களுக்கு மேலே வரிசையாக டி.வி. ஒவ்வொன்றிலும் ஒரு மலையின் உச்சி. ரிகியில் வெயில் அடித்தது, அதனால்தான் அந்தக் கூட்டம். பிலாட்டஸ் பாதி மூடியிருந்தது. டிட்லிஸ் டி.வி.யில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. அதற்குக் கீழே ஒருவரும் நிற்கவும் இல்லை.

அம்மா அந்த வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு பெண்ணின் கையைத் தொட்டு, "அங்க பனி இருக்குதான்னு அந்தப் பொண்ண கேளு" என்றார்.

கவுன்ட்டர் பெண் நல்ல மனசுக்காரி. இன்றைக்கு அங்கே போய்க் காசை வீணாக்காதீர்கள், முழுக்க மேகம், ரிகிக்குப் போங்கள் என்றிருக்கிறாள்.

"மேல எதுவும் தெரியாதாம்மா. பனி மட்டும்தான் இருக்குமாம்" என்றாள் பெண்.

"அப்ப அங்கயே போலாம்" என்றார் அம்மா.

சார் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான நாளில் இருந்து அந்த வாயில் இருந்து அப்படி ஒரு வார்த்தையை அவர் கேட்டதில்லை என்று அம்மாவே என்னிடம் சொன்னார்.

"உனக்குப் பனி பாக்கணும்னு இருந்துதா?"

"ஆமா."

"இத்தினி மாசமா ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க மலை மேல மலையா பாத்துக்கினே இருந்தீங்க. நடுவுல நான் இன்னாத்த சொல்றது."

சார் கவுன்ட்டர் பக்கம் குனிந்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மூன்று டிக்கெட் கேட்டார். "எங்க நைனா ஒரு கடை வாசல்ல நின்னு ஒரே வாட்டியில ஒண்ண வாங்கி நான் பாத்ததே இல்லக்கா" என்று பெண் பிறகு என்னிடம் சொன்னாள்.

மேலே போய் இறங்கினால் மேகத்துக்குள் நின்றார்கள். நீட்டின கை தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா நாலு அடி வைத்தார். காலடியிலேயே பனி கிடந்தது. ஆனால் குனிய முடியவில்லை. முட்டி மடங்கினால்தானே.

"நைனா, கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்றாள் பெண்.

சார் குனிந்து ஒரு பிடி எடுத்தார். கண்ணருகில் கொண்டுவந்து பார்த்தார். "இது மிதிச்சது" என்று போட்டுவிட்டார். ரெண்டடி தள்ளிப் போய் இன்னொரு பிடி. அதில் ஏதோ அழுக்கு இருந்ததாம். அதையும் போட்டுவிட்டு இன்னும் தள்ளிப் போனார். பிறகு அவரைக் காணோம்.

"ஏங்க, எதுனா ஒண்ணு குடுங்க, போதும்" என்று அம்மா கூப்பிட்டார். பதில் இல்லை. மேகம்தான் இருந்தது. பெண், "நைனா, நைனா" என்று கத்திக்கொண்டே கம்பி ஓரமாக ஓடினாள். அம்மா நகர முடியாமல் அங்கேயே நின்றார். எதற்கு வாயைத் திறந்தோம், பேசாமல் ரிகிக்கே போயிருக்கலாமே என்று அப்போது நினைத்தாராம். பனியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், மனுஷன் வந்தால் போதும் என்று ஏழுமலையானை வேண்டிக்கொண்டாராம்.

வந்தார். ரெண்டு கையையும் சேர்த்து ஏந்திக்கொண்டு, தரையைப் பார்த்துப் பார்த்து அடி வைத்து வந்தார். பெண் வாங்கிக் கொடுத்த கையுறை கோட்டுப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. வெறும் கையில் அள்ளியிருக்கிறார். கை ரெண்டும் பீட்ரூட் நிறத்தில் இருந்தது.

"இதுதான் நல்லா இருக்குது. யாரும் கால் வெக்கல" என்று நீட்டினார்.

அம்மா வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். கொஞ்சம் வாயிலும் போட்டுக்கொண்டார்.

"துன்னு பாத்தேன் கண்ணு. ருசி இன்னா இருக்குது, தண்ணிதான். அவரு கையப் பாத்துதான் எனக்கு அழுகை வந்துடுச்சி. கோவமும் வந்துது. இத்தினி வருஷமா இந்த மனுஷன் எனக்குன்னுதானே இப்பிடி அலைஞ்சிக்கினு இருந்தாரு. எனக்கு இது வோணும்னு நான் வாயத் தொறந்து ஒண்ணு சொல்லி இருந்தா, பாதி அலைச்சல் இல்லாம போயிருக்கும். பொறுமையா இருக்கேன்னு நான் பாட்டுக்கு இருந்துட்டேன்."

சால்வையால் அவர் கையைச் சூடு வரும் வரை தேய்த்துவிட்டாராம். போட்டோ எடுத்தார்களாம், ஒன்றிலும் ஒன்றும் விழவில்லை.

அன்று ராத்திரி அம்மாவுக்கு முட்டி நன்றாக வலித்தது. தைலம் தேய்த்து வெகு நேரம் கழித்துத்தான் கண் அசந்தார். மறுநாள் விடிந்ததும் பெண் வந்து கதவைத் தட்டினாள்.

"நைனா, வானம் தொடச்சு வெச்ச மாதிரி இருக்குது. எல்லா கேமராவும் கிளியர். ரிகி, பிலாட்டஸ், எங்க வோணும்னாலும் போலாம். கடைத்தெரு கெடக்கட்டும். கெளம்புங்க."

சார் எழுந்து உட்கார்ந்து அம்மா பக்கம் திரும்பி, "உனக்கு இன்னா வோணும்?" என்று கேட்டார்.

அம்மா பதில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாராம். "அப்பிடி கேட்டா இன்னா சொல்றதுன்னே தெரியல கண்ணு. பழக்கம் இல்ல இல்ல" என்றார் என்னிடம். கடைசியில் உள்ளதைச் சொன்னார். "தூங்கணும் போல இருக்குதுங்க."

"நீ போய்ட்டு வாம்மா" என்று சார் பெண்ணை அனுப்பிவிட்டார்.

பெண் தனியாகவே ரிகிக்குப் போய், அங்கே இருந்து எனக்கும் ஒரு படம் அனுப்பினாள். நான் ஸ்ரீசிட்டியில் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து அதைப் பார்த்தேன். இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை, சார் மாதக்கணக்கில் எனக்குக் காட்டிக் காட்டி மனப்பாடமாகிப்போன மலைகள் அத்தனையும் பளிச்சென்று வரிசையாக நின்றன. சாருக்கு இன்றைக்குக் கொண்டாட்டம்தான், அவரும் பக்கத்தில் எங்கேயோ நின்று பார்த்துக்கொண்டிருப்பார் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

"நான் முழிச்சப்போ மத்தியானம் ஆயிடுச்சி" என்றார் அம்மா. "ரூமு இருட்டா இருக்குது. இவரு நாற்காலியில உக்காந்துகினு இருக்காரு. போன் கூட பாக்கல. மணி இன்னாங்கன்னேன். இருக்கட்டும், தூங்குன்னாரு."

அதற்குள் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். சார் பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தார். ஒரே கடையில்தான் வாங்கினாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. ஆனால் லூசர்னில் அவர்கள் தங்கிய ஹோட்டலைப் பற்றிப் பெண் முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள். மலைகள் எல்லாம் படுக்கையில் இருந்தே தெரிகிற மாதிரி தேடிப் பிடித்து எடுத்த அறை அது.

"ரெண்டாம் நாள் ஜன்னல்ல இருந்தே எல்லா மலையும் தெரிஞ்சிருக்குமே சார்" என்றேன்.

"தெரிஞ்சிருக்கும்மா" என்றார், பாலை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டே. "வெளிச்சம் அவ மூஞ்சியில அடிக்கும்னு ஜன்னல் ஸ்க்ரீன தொறக்கல."